பெர்கின்ஸ் அம்மாவும் ஐந்தாம் மாடிப் பின்கதவும்

அஹுன்ட்சிக்
கியூபெக், 10 மார்ச் 2025

அன்புள்ள நிரஞ்சனி,

உனக்கு ஏழு தரம் போன் எடுத்தேன். ஏழு தரமும் நீ தூக்கவில்லை. எட்டாம் தரமும் அடித்தால் என் மானம் போய்விடும் என்று மருந்துக்கடைத் தபால் கவுண்டரில் முத்திரை வாங்கி வந்திருக்கிறேன். கடைசியாகக் கடிதம் எழுதிப் பதினைந்து வருடம் இருக்கும். இரண்டாவது வரியிலேயே கை வலிக்கிறது.

சபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் உனக்குப் பக்கத்து மெஷினில் பதினாலு வருடம் இருந்தேன். ஜனவரியில் அப்படிச் சட்டென்று எழும்பி வந்தது சரியா பிழையா என்று இப்போது எழுத வரவில்லை. நான் வீட்டில் சும்மா இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன், ஐம்பத்துமூன்று வயதில்! மகள் வினோஜா புத்தகப்பை வாங்கித் தந்தாள். வீட்டுக்காரர் காலையில் வாசலில் நின்று, "கவனமாப் படியுங்கோ பிள்ளை" என்று கையசைக்கிறார். நக்கல்.

ஆங்கில வகுப்பில் ஒரு ஆய்வு வேலை தந்திருக்கிறார்கள். செல்வாக்குள்ள அமெரிக்கப் பெண் ஒருவரைப் பற்றித் தேடிப் படித்து, வகுப்புக்கு முன்னால் பத்து நிமிடம் பேசவேண்டும். ரீச்சர் பெயர்ப் பட்டியலை மேசையில் வைத்தார். நான் பைக்குள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் இளம் பிள்ளைகள் பாய்ந்து ரோசா பார்க்ஸையும் ஹரியட் டப்மனையும் மற்ற எல்லாரையும் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியது பிரான்சிஸ் பெர்கின்ஸ். "ரீச்சர், இது ஆம்பிளை" என்றேன். வகுப்பே சிரித்தது. இல்லையாம், பெண்தானாம். அமெரிக்க மந்திரிசபையில் இருந்த முதல் பெண்ணாம். தொழில் மந்திரி, பன்னிரண்டு வருடம்.

மூன்று பகுதி எழுதவேண்டும். அவர் யார், சமூகத்தில் எதை மாற்றினார், உன் சொந்த வாழ்க்கையில் எதை மாற்றினார். முதல் இரண்டையும் நூலகத்தில் எடுத்துவிடலாம். மூன்றாவதுக்கு எங்கே போவது? அதோடு, இப்போது வேலை செய்யும் ஒரு தொழிலாளியைப் பேட்டி எடுக்கவேண்டும். எனக்கு உன்னைத்தான் தெரியும். தளத்தில் எத்தனை பேர், எத்தனை மணிநேர வேலை, வெளியே போக எத்தனை வழி என்று எழுதி அனுப்புவாயா? பேட்டி சிறியதுதான்.

மலர் அக்கா


லவால்
21 மார்ச் 2025

மலர் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதில் 'மன்னிப்பு' என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. 'பேட்டி' மட்டும் இருக்கிறது.

நான் சுப்பர்வைசர் ஆனதற்கு மூன்றாம் நாள், சாப்பாட்டு அறையில் பதினேழு பேருக்கு முன்னால் நீங்கள் சொன்னது என்ன? "பிரெஞ்சில குழைஞ்சு கதைச்சுக் கதிரை பிடிச்சவள்." அதைச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு போனீர்கள். நான் அந்தப் பதினேழு பேரோடும் பிறகும் வேலை செய்யவேண்டியிருந்தது. யார் என் முகத்தைப் பார்த்தாலும் அதைத்தான் நினைக்கிறார்களோ என்று இருந்தது. அந்தப் பிரெஞ்சு சும்மா வந்ததல்ல. பனியிலே பஸ்ஸுக்கு நின்று மூன்று குளிர்காலம் இரவு வகுப்புக்குப் போய் வந்தது.

கேட்டதற்குப் பதில்: தளத்தில் பதினெட்டுப் பேர், நாற்பது மணிநேரம், வெளியே போக முன்படி, பின்படி என்று இரண்டு வழி. உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போன் எடுக்கவேண்டாம். போனில் என்றால் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள். எழுதுவதென்றால் எழுதுங்கள்.

நிரஞ்சனி

பி.கு: பிரான்சிஸ் என்ற பெயரைப் பற்றி எங்கள் வீட்டுக்காரர் யோசெப்பிடம் கேட்டேன். எங்கள் மாதா கோவிலில் அவருக்குத் தெரிந்த பிரான்சிஸ் எல்லாரும் மீசை வைத்தவர்களாம்.


அஹுன்ட்சிக்
26 மார்ச் 2025

அன்புள்ள நிரஞ்சனி,

எழுதலாம் என்று நீ சொன்னதே பெரிது. நீ கேட்ட அந்தச் சொல்லுக்கு வருகிறேன், பொறு. அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லவேண்டும். நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று மார்ச் 25. நூற்றுப்பதினாலு வருடத்துக்கு முன், இதே நாளில், பெர்கின்ஸ் அம்மா நியூயோர்க்கில் ஒரு சிநேகிதி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வயது முப்பது. வெளியே நெருப்பு மணிச் சத்தம். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலை, எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகள். நெருப்பு. தீயணைப்புக்காரரின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. பெட்டைகள் யன்னலால் குதிக்கிறார்கள். அவர் கீழே நின்று பார்த்திருக்கிறார். நூற்று நாற்பத்தாறு பேர். அனேகமாக எல்லாரும் எங்களைப்போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். சிலருக்குப் பதினாலு வயது.

ஒன்பதாம் மாடியில் படிக்குப் போகும் கதவொன்று பூட்டிக் கிடந்ததாம். பிள்ளைகள் துணி களவெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று.

நிரஞ்சனி, இதை வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். எங்கள் ஐந்தாம் மாடிப் பின்கதவு? போன வருடம் இரண்டு பெட்டி ஜாக்கெட் காணாமல் போனது என்று மனேஜர் அதற்கு ஒரு ஆமைப்பூட்டுப் போட்டாரே. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோமே. நான் தேநீர்க் கோப்பையோடு நின்று, "நல்லதாப் போச்சு, இனிக் குளிர் காத்து வராது" என்று சொன்னேன். எனக்கு நல்ல ஞாபகம்.

அந்தப் பூட்டு இன்னும் இருக்கிறதா? இரண்டு வழி என்று எழுதியிருக்கிறாய். ஒருக்கால் போய்ப் பார்.

மலர் அக்கா


லவால்
9 ஏப்ரல் 2025

மலர் அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துக் கோபம்தான் வந்தது. வேலையை விட்டுப் போனவர் வீட்டில் இருந்துகொண்டு என்னை மேற்பார்வை பார்க்கிறார் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் போனேன்.

பூட்டு இருக்கிறது. பூட்டைத் தொடவே முடியவில்லை. கதவுக்கு முன்னால் ஜாக்கெட் உள்துணிச் சுருள்கள் என் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. அடுக்கச் சொன்னது யார் தெரியுமா? நான்தான். பெப்ரவரியில் சரக்கு வந்தபோது, இடமில்லை என்று, "அங்கால பின்னுக்குப் போடுங்கோ" என்றேன். என் வாயால்.

மனேஜரிடம் போனேன். பிரெஞ்சில்தான் கேட்டேன், குழையாமல் கேட்டேன். கோடைகால ஓடர் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார். அடுத்த கிழமையும் கேட்டேன். இந்த முறை என்னைப் பார்க்காமல், உனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன். அப்படியென்றால் அதைப் பார் என்றார்.

எனக்கு இந்த வேலை உண்மையிலேயே பிடித்திருக்கிறது அக்கா. அதுதான் கஷ்டம்.

மந்திரி ஆவதற்கு முன்னால் உங்கள் பெர்கின்ஸ் அம்மா என்ன செய்தார்? அவர் சொன்னதை யாராவது கேட்டார்களா?

நிரஞ்சனி


அஹுன்ட்சிக்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள நிரஞ்சனி,

புது வருடப் பிறப்பும் அதுவுமாக எழுதுகிறேன். இன்றைக்கு எழுதாவிட்டால் இந்த வருடமும் எழுதமாட்டேன்.

என்னை மன்னித்துக்கொள். இப்போது அந்தச் சொல் இருக்கிறது, தேடவேண்டாம்.

உனக்குத் தெரியாத ஒன்று. அந்தச் சுப்பர்வைசர் வேலைக்கு நானும் விண்ணப்பம் போட்டேன். உனக்குச் சொல்லவில்லை. என் பிரெஞ்சு போதாது என்று ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் அறிவிப்புப் பலகையில் உன் பெயர். எனக்கு வயிறு எரிந்தது நிரஞ்சனி. வேறொன்றும் இல்லை, வெறும் எரிச்சல். அந்த எரிச்சலில்தான் அப்படிச் சொன்னேன். நீ இரவு வகுப்புக்குப் போன அந்த மூன்று குளிர்காலமும் எனக்குத் தெரியும். பஸ் தரிப்பிடத்தில் உன்னோடு நின்றிருக்கிறேன். தெரிந்துகொண்டே சொன்னேன்.

இனிப் பெர்கின்ஸ் அம்மா. முதலில் அவரையும் ஒருவரும் கேட்கவில்லை. ஆம்பிளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று குறிப்பெடுத்து, அதை ஒரு சிவப்பு உறைக்குள் போட்டு வைத்திருந்தாராம்! தங்கள் தாய்மாரைப்போல உடுத்திருந்தால் அவர்கள் பேச்சைக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடித்துக் கறுப்புச் சட்டையும் தொப்பியுமாகத் திரிந்தார். கல்யாணம் முடித்தும் தன் பெயரை விடவில்லை, அதற்காக வழக்காடினார். கியூபெக்கில் கல்யாணம் முடித்தாலும் பெண்ணுக்குத் தன் பெயர்தான் என்று சட்டம், எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை என்று வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். "நீர் என்ர பேரை எடுத்திருந்தா உம்மட வாய்க்கு என்னைத்தான் எல்லாரும் ஏசியிருப்பினம்" என்கிறார்.

எனக்குப் பிடித்தது இதுதான். அந்த நெருப்புக்குப் பிறகு, தொழிற்சாலைகளைப் பார்வையிட ஒரு குழு போட்டார்கள். அதில் பெரிய அரசியல்வாதிகள். இந்த அம்மா அவர்களுக்கு அறிக்கை மட்டும் கொடுத்துவிட்டு இருக்கவில்லை. நேரே கூட்டிக்கொண்டு போனார். ஒரு இடத்தில் நெருப்பு வந்தால் தப்பும் வழி என்று சுவரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது, வெளியே பனிக்கட்டி பிடித்த ஏணி. ஒரு செனட்டரை அந்த ஓட்டையால் தவழ்ந்து போகவைத்தார். அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன.

நீ ஒன்றும் செய்யவேண்டாம். உன் வேலை முக்கியம். புகார்க் கடிதத்தை நான் எழுதுகிறேன், என் பெயரில். பிரெஞ்சுப் பிழைகளை வினோஜா திருத்துவாள்.

மலர் அக்கா


லவால்
30 ஏப்ரல் 2025

மலர் அக்கா,

உங்கள் புகார்க் கடிதத்தை அனுப்பவேண்டாம். அலுவல் நடந்துவிட்டது. இன்றைக்கு நான் வீட்டில் இருக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதல்லவா, வருடத்துக்கு ஒருமுறை நெருப்புப் பயிற்சி செய்து சுப்பர்வைசர் ஒப்பமிடவேண்டும் என்று? நாலு வருடமாக ஒருவரும் செய்யவில்லை. நான் மனேஜரிடம் போய், இந்த வருடப் பயிற்சியைச் செய்யட்டா என்று கேட்டேன். கணினியைப் பார்த்தபடியே, செய், செய் என்றார். ஒப்பமிடுவதைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அனுமதி அனுமதிதானே.

செவ்வாய் காலை ரொறொன்ரோவிலிருந்து எங்களிடம் உடுப்பு வாங்கும் கம்பனி அம்மா தளத்தைப் பார்க்க வருகிறார் என்றும் எனக்குத் தெரியும். வெள்ளைக் காற்சட்டை போட்டு வந்தார். மனேஜர் அவருக்கு ஓவர்லொக் மெஷினைக் காட்டிக்கொண்டிருந்தபோது, யோசெப் கோவில் பிள்ளைகளுக்குப் பந்துவிளையாட்டுப் பழக்கும் விசிலை எடுத்து ஊதினேன். மூன்று தரம். எனக்கே காது அடைத்தது. முன்படிக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று கத்தினேன்: "முன்பக்கம் நெருப்பு! எல்லாரும் பின்னால போங்கோ! மேடம், நீங்களும்!"

போனார்கள். சுருள்களில் போய் முட்டுப்பட்டார்கள். எங்களோடு தைக்கும் ஜொய்சி சுருள்களின் மேலே ஏறி, பூட்டைக் கண்டு, "அக்கா, இது பூட்டியெல்லோ கிடக்கு!" என்று கத்தினாள். மனேஜர் திறப்பெடுக்க ஓடினார். கொண்டுவந்த திறப்புப் பொருந்தவில்லை. இன்னொன்று எடுக்க ஓடினார். அதுவும் இல்லை. வெள்ளைக் காற்சட்டை அம்மா எங்களோடு சுருள்களுக்கு இடையில் நெருக்குப்பட்டு நின்றார்.

முழங்கால் வருத்தத்தோடு பட்டன் தைக்கிற எங்கள் இந்திராதேவி அக்கா ஒரு சுருளில் மெல்ல உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை நிரஞ்சனி, நான் இப்ப செத்திட்டனோ, இல்லாட்டி இன்னும் கொஞ்ச நேரம் இருக்கோ?"

எல்லாரும் சிரித்தோம். இவ என்ன சொல்கிறா என்று அந்த அம்மா கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை நிமிடம் ஆயிற்று என்றார். மணிக்கூட்டைப் பார்த்தேன். "பதினொன்று" என்றேன். கதவு அப்போதும் திறக்கவில்லை.

பின்னேரம் மனேஜர் கூப்பிட்டு, நாளைக்கு வரவேண்டாம், பேந்து அறிவிக்கிறேன் என்றார். அதுதான் வீட்டில் இருக்கிறேன். யோசெப் விசிலைக் கழுவித் தரச்சொல்லி மட்டும் கேட்டார்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு வடிவாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நிரஞ்சனி


அஹுன்ட்சிக்
5 மே 2025

நிரஞ்சனி,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நின்றபடி வாசித்தேன். முதலில் சிரித்தேன், பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூலகத்தில் இருந்து கதை வாசித்தவள் நான், வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் நீ. நூறு வருடத்துக்கு முந்தின அலுவலைக் கொண்டுவந்து உன் தலையில் போட்டுவிட்டேனே!

நாளை வகுப்புக்குப் போகவில்லை. சபனெலுக்குப் போகிறேன். போய் என்ன செய்வேன் என்று தெரியாது.

மலர் அக்கா


லவால்
18 மே 2025

மலர் அக்கா,

ஆறாம் தேதி நீங்கள் தேநீர்ப் போத்தலோடு வந்து கட்டடத்துக் கீழ்வாசலில் இரண்டு மணிநேரம் நின்றதாகக் காவல்காரர் சொன்னார். மேலே ஏறி வரவில்லையாம். வெட்கம் என்று நினைக்கிறேன். ஏறியிருந்தால் நல்ல காட்சி பார்த்திருப்பீர்கள்.

நான் வராத முதல் இரண்டு நாளும் எங்கள் ஆட்கள் தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். அடுத்த கிழமை, இனி நான் வரமாட்டேன் என்ற கதை பரவியதும், அந்த ஆறாம் தேதி காலையில் எல்லாரும் வந்து மெஷினில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்களாம். ஒரு மெஷினும் ஓடவில்லை. மனேஜர் என்னவென்று கேட்க, இந்திராதேவி அக்காதான் எழும்பி, "கதவு திறக்கட்டும். நிரஞ்சனி வரட்டும். நாங்கள் இருக்கிறம்" என்றிருக்கிறார். ஜொய்சி அதைப் பிரெஞ்சில் சொன்னாளாம். அந்த நேரம் பார்த்து ரொறொன்ரோ அம்மாவிடமிருந்தும் மின்னஞ்சல்: கதவு திறந்திருக்கும் படத்தை அனுப்பினால்தான் கோடை ஓடர்.

அன்றைக்கு மத்தியானம் மனேஜர் எனக்குப் போன் எடுத்தார். ஏழாம் தேதி நான் வேலைக்குப் போனேன். சுருள்கள் போய்விட்டன. பழைய பூட்டை அறுத்தெடுத்து, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காத பூட்டுப் போட்டிருக்கிறார்கள். களவும் போகாது, ஆளும் சாகாது. இதை முதலே செய்திருக்கலாம். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் பதினெட்டுப் பேரும் பின்படியால் இறங்கினோம். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. இந்திராதேவி அக்காவை நானும் ஜொய்சியும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தோம். கீழே தெருவில் நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் எல்லாரும் கைதட்டினோம். தெருவால் போனவர்கள் எங்களைப் பார்த்து ஏதோ கல்யாணம் என்று நினைத்திருப்பார்கள்.

இப்போது யாராவது பார்க்க வந்தால் மனேஜர் முதலில் காட்டுவது அந்தக் கதவைத்தான். தன் யோசனையாம். இருக்கட்டும்.

நானும் ஒன்று சொல்லவேண்டும். அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டதை உங்களிடம் நானும் மறைத்தேன். நீங்கள் போடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சொன்னால் நீங்களும் போடுவீர்கள், போட்டால் உங்களுக்குத்தான் கிடைக்கும் என்று பயம். மெஷினில் என்னைவிட நீங்கள் கெட்டிக்காரி என்று தளம் முழுக்கத் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே கறியைப் பிரித்துத் தின்றுகொண்டு, ஒருவருக்கு ஒருவர் ஒளித்திருக்கிறோம்.

ஜூன் நாலாம் தேதி வகுப்பில் நடக்கும் உங்கள் பேச்சுக்கு வர ஆசை. அன்றைக்குச் சரக்கு ஏற்றும் நாள், விடமாட்டார்கள். நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

நிரஞ்சனி


அஹுன்ட்சிக்
6 ஜூன் 2025

அன்புள்ள நிரஞ்சனி,

ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். வினோஜா முதல் நாள் இரவு எட்டுத் தரம் பேசவைத்துக் கேட்டிருந்தாள். முன்னால் போய் நின்றதும் எல்லாருக்கும் கைகூப்பினேன். குறிப்பு அட்டைகள் கையிலிருந்து விழுந்தன. பொறுக்கி எடுத்தபோது ஒழுங்கு மாறிவிட்டது. அதனால் பெர்கின்ஸ் அம்மா முதலில் மந்திரியாகி, பிறகுதான் பிறந்தார். வகுப்பு பொறுத்துக்கொண்டது.

வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம், கிழமைக்கு நாற்பது மணிநேரம் என்று அமெரிக்காவில் அவர் கொண்டுவந்ததையெல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்த வருத்தக்காரக் கணவரையும் பிள்ளையையும் தன் உழைப்பில் பார்த்துக்கொண்டே இதெல்லாம் செய்தார் என்றபோது, எப்போதும் போனை நோண்டும் பின்வரிசைகூட நிமிர்ந்து பார்த்தது.

மூன்றாம் பகுதிக்கு வந்தேன். அட்டையில் எழுதியிருந்தது, அவரிடமிருந்து நான் துணிவைக் கற்றுக்கொண்டேன் என்று. வினோஜா எழுதித் தந்த அழகான ஆங்கிலம். வாசித்தேன். முன்வரிசையில் ஹெயிட்டிப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், கெட்டிக்காரி. அவள் கையை உயர்த்தி, "நீங்கள் துணிவாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள்.

நான் ஒன்றும் செய்யவில்லையே, நிரஞ்சனி. கீழ்வாசலில் தேநீர்ப் போத்தலோடு நின்றேன்.

அட்டைகளை மேசையில் வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன், என் உடைந்த ஆங்கிலத்தில். எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள், அவள்மேல் பொறாமைப்பட்டேன், பதினேழு பேருக்கு முன்னால் அவளை அவமானப்படுத்தினேன், மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இந்த ஆய்வைச் சாட்டாக வைத்து அவளுக்குக் கடிதம் எழுதினேன் என்றேன். பிறகு விசில், சுருள்கள், வெள்ளைக் காற்சட்டை. இந்திராதேவி அக்கா கேட்ட கேள்வியைச் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினொரு நிமிடம் ஆகியும் கதவு திறக்கவில்லை என்றேன். கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள் என்றபோது அந்த ஹெயிட்டிப் பிள்ளை மேசையில் தட்டத் தொடங்கினாள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். நான் ஒரேயடியாக அழுதுவிட்டேன். சேலைத் தலைப்பு நனைந்துவிட்டது. பத்து நிமிடப் பேச்சு இருபத்தைந்து நிமிடம்.

தொழிற்சாலைக்குத் திரும்பி வரச்சொல்லி ஜொய்சியிடம் சொல்லிவிட்டிருந்தாய். வரவில்லை, கோபிக்காதே. எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடித்துவிட்டது. செப்டம்பரில் அடுத்த வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறோம், நானும் அவரும். மெற்றோவில் வந்து இறங்கியதும் அடிக்கிறேன், அந்தப் போனை மட்டும் எடு. ஒடியற்கூழ் காய்ச்சிக் கொண்டுவருகிறேன், யோசெப்புக்கு உறைப்புக் குறைத்து.

இன்றைக்குப் புள்ளி தந்தார்கள். எண்பத்தேழு. தொண்ணூற்றிரண்டு வரவேண்டியதாம், ஐந்து புள்ளியை வெட்டியிருக்கிறார். கீழே ரீச்சர் தன் கையால் எழுதியிருக்கிறார்: கேட்டது அமெரிக்கப் பெண் ஒருவரைப் பற்றி. நீங்கள் இருவரைப் பற்றிப் பேசினீர்கள், அதில் ஒருவர் அமெரிக்கரே அல்ல.

வினோஜாவுக்குக் கோபம். "போய்க் கேளுங்கோ அம்மா, அஞ்சு புள்ளியும் தருவினம்" என்றாள். நான் போகவில்லை. ரீச்சர் சொன்னது சரிதானே. நீ லவால்காரி.

உன்
மலர் அக்கா